விருப்பப் பட்டியலில் எதை முதலில் எழுதுவது?

பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளின் கையில் இனி இருப்பது ஒரே ஒரு வேலைதான். மார்ச்சில் எழுதிய தேர்வு முடிந்துபோன கதை. மதிப்பெண்ணும் ரேங்கும் மாறப்போவதில்லை. கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் எந்த வரிசையில் எழுதிக் கொடுக்கிறோம் என்பது மட்டும்தான் நம் முடிவு. சாய்ஸ் ஃபில்லிங் என்று எல்லோரும் சொல்லும் இந்த வேலைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள். அந்த நாள்களில் சித்தப்பா, பக்கத்து வீட்டு இன்ஜினீயர், ப்ரவுசிங் சென்டர் அண்ணன் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கணினி இடத்தை எப்படி ஒதுக்குகிறது என்று தெரியாமல் சொல்லும் யோசனை, நல்ல ரேங்க் எடுத்த பிள்ளையையும் தவறான கல்லூரியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

முதலில் கட் ஆஃப். தமிழ்நாட்டில் 1984ல் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2007-08 கல்வியாண்டிலிருந்து இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். கணிதம் 100க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்பட்டு 50, 50. ஆக மொத்தம் 200. கணிதத்தில் 91, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்த ஒரு மாணவிக்கு 91, 42, 44 கூட்டி 177. ஒரே கட் ஆஃபில் நிறையப் பேர் இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல். அப்படியும் பிரிக்க முடியாவிட்டால் மற்ற மதிப்பெண்கள், பிறந்த தேதி என்று போய், கடைசியில்தான் ரேண்டம் எண். அந்த எண் வெளியாகும் நாளில் வீட்டில் நடக்கும் கவலைக்கு அவ்வளவு அவசியம் இல்லை.

இந்த வரிசையில் பொது ரேங்க் ஒன்று, சமூகப் பிரிவு ரேங்க் ஒன்று என இரண்டு கிடைக்கும். மொத்த இடங்களில் 31 விழுக்காடு எல்லோருக்கும் பொது. மீதி 69 விழுக்காடு பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு.

இனி கணினி செய்வதைப் பார்ப்போம். பட்டியலைப் பூட்டிய பிறகு அது ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். அந்த 177 மாணவியின் முறை வரும்போது அவருடைய பட்டியலின் முதல் வரிக்குப் போகும். அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், பொதுப் பிரிவு இடம் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிடும். இல்லையென்றால் அவருடைய சமூகப் பிரிவில் இருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இறங்கிக்கொண்டே போகும். எங்காவது ஓர் இடம் அமைந்த பிறகோ, பட்டியல் தீர்ந்த பிறகோதான் அடுத்த ரேங்க்காரரைத் தொடும்.

இதிலிருந்து தெளிவாகும் விஷயம், முதல் வரியில் பெரிய கல்லூரியை எழுதியதால் எந்த நட்டமும் இல்லை என்பது. அந்த மாணவி நாற்பது வரிகளில் கிடைக்கவே கிடைக்காத இடங்களை எழுதிவிட்டு, நாற்பத்தொன்றாவது வரியில் தன் ஊர்ப் பக்கத்துக் கல்லூரியை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அடுத்த ரேங்கில் இருப்பவர் அதே கல்லூரியை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார். இடம் ஒன்றுதான் இருக்கிறது, இருவரும் ஒரே பிரிவு. இடம் யாருக்கு? மாணவிக்குத்தான். முதல் வரியில் எழுதினால் முன்னுரிமை கிடைக்கும் என்பது பலரும் நம்பும் பொய்.

அந்த நம்பிக்கையால்தான் பிள்ளைகள் பயந்துபோய், “கண்டிப்பாகக் கிடைக்கும்” என்று தோன்றும் கல்லூரியை மேலே போட்டுவிடுகிறார்கள். கணினி அதைக் கண்டதும் ஒதுக்கிவிடும். அதற்குக் கீழே எழுதிய நல்ல கல்லூரி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. எனவே வரிசை என்பது உங்கள் ஆசையின் வரிசையாக மட்டுமே இருக்கட்டும். போன ஆண்டு கட் ஆஃப் பட்டியல் வேறொரு வேலைக்குப் பயன்படும்: பட்டியலை எங்கே முடிக்கலாம் என்று அது சொல்லும். உங்கள் கட் ஆஃபைவிடச் சில மதிப்பெண் மேலே இருப்பவற்றில் தொடங்கி, போன ஆண்டு உங்களைவிட நன்றாகக் குறைந்த மதிப்பெண்ணில் முடிந்த இடங்கள் வரை இறங்குங்கள். இத்தனைதான் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. ஆனால் சேரவே விரும்பாத கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுதாதீர்கள். எழுதினால் கிடைத்துவிடும்.

குறியீட்டு எண்களில் கவனம் வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4, கோவை ஜி.சி.டி.க்கு 2005, மதுரை தியாகராசர் கல்லூரிக்கு 5008 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரே பெயர்ச் சாயலில், ஒரே நிர்வாகத்தின் கீழ் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும். பெயரைப் பார்த்து அழுத்தாமல் எண்ணைப் பார்த்து அழுத்துங்கள். பாடப்பிரிவிலும் அப்படித்தான். எம்.இ. என்றால் மெக்கானிக்கல், எக்ஸ்.எம். என்றால் தமிழ்வழி மெக்கானிக்கல். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் அதே பாடப்பிரிவு “எஸ்.எஸ்.” என்று சுயநிதியாகவும் இருக்கும், அதற்குக் கட்டணம் வேறு. கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் ப்ரவுசிங் சென்டரிலோ, கல்லூரியிலிருந்து வந்ததாகச் சொல்பவரிடமோ கொடுத்து “நீங்களே போட்டுவிடுங்கள்” என்று சொல்லவே கூடாது. நான்கு வருடம் படிக்கப்போவது அவர் அல்ல.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் மறுபடியும் ஒரு முடிவு. “ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்” என்றால் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சேரலாம். “ஏற்றுக்கொள்கிறேன், மேலே கிடைத்தால் வேண்டும்” என்பதைத்தான் அப்வர்டு என்கிறார்கள். மாவட்டத்தில் உள்ள உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். பிறகு, மேலே எழுதிய இடம் யாராவது சேராமல் காலியானால் உங்களுக்கு வரும். வந்தால் பழைய இடம் தானாகப் போய்விடும். “இல்லை, முதலில் கிடைத்ததே போதும்” என்று திரும்ப முடியாது. ஆசை இல்லாத ஒன்றைச் சும்மா மேலே எழுதி வைத்தவர்கள் தவிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

சரி, ஆசையின் வரிசையை எப்படி முடிவு செய்வது? கல்லூரியா, பாடப்பிரிவா?

என் கருத்து இது. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் ஆகிய மூன்றுக்கும் இடையே பெயரில் தெரியும் வேறுபாடு பாடத்திட்டத்தில் அவ்வளவு இல்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ், டேட்டாபேஸ் என்று அடிப்படை எல்லாவற்றிலும் வரும். ஏ.ஐ. பிரிவில் புள்ளியியலும் மெஷின் லேர்னிங்கும் கூடுதலாக இருக்கும். ஆகவே இந்தக் குடும்பத்துக்குள் கல்லூரிக்குத்தான் முதலிடம். நல்ல கல்லூரியின் ஐ.டி., சுமாரான கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட மேல். ஆனால் சிவிலுக்கும் கம்ப்யூட்டருக்கும், மெக்கானிக்கலுக்கும் இ.சி.இ.க்கும் நடுவில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே பிள்ளையின் விருப்பம்தான் முதலில்.

விருப்பம் எது என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு வழி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் இரண்டு செமஸ்டரைப் பார்க்காதீர்கள். 2021 ஒழுங்குமுறைப்படி அங்கே கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், பொறியியல் வரைபடம், தமிழர் மரபு என்று எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாவது முதல் ஆறாவது செமஸ்டர் வரை திறந்து பாருங்கள். மெக்கானிக்கலில் தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். இ.சி.இ.யில் சிக்னல்ஸ், மின்காந்தப் புலங்கள், அவற்றுக்குள் முழுக்கக் கணிதம். கம்ப்யூட்டர் சயின்ஸில் நிரல் எழுதுவதோடு டிஸ்க்ரீட் மேத்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன். ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தின் முதல் வகுப்பை யூடியூபில் அரை மணி நேரம் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். முழுதாகப் புரியாவிட்டால் பரவாயில்லை. மேற்கொண்டு தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதா, மூடி வைக்கத் தோன்றுகிறதா என்பது அவர்களுக்கே தெரியும். ஒரு பிரிவுக்கு ஒரு மாலை ஒதுக்கினாலே போதும்.

“கம்ப்யூட்டர் எடுத்தால்தான் வேலை” என்ற பேச்சு இப்போது அதிகம். 2024-25ல் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பைத் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு நீக்கியதால், பல கல்லூரிகள் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்களைக் கூட்டிவிட்டன. இன்று சேரும் கூட்டம் மொத்தமும் நான்கு வருடம் கழித்து ஒன்றாக வெளியே வரும். கேம்பஸுக்கு வரும் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பல, எந்தப் பிரிவானாலும் பத்தாம் வகுப்பிலிருந்தே 60 விழுக்காடு, நிலுவையில் அரியர் இல்லை என்பதைத்தான் வாசலில் கேட்கின்றன. பிடிக்காத பாடத்தை எடுத்து அரியர் வைத்தால் அந்த வாசலும் மூடிவிடும். பிடித்த மெக்கானிக்கலை நன்றாகப் படித்தவருக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு.

அரசு வேலை கனவு இருந்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். உதவிப் பொறியாளர் பணிகளுக்கு அறிவிப்பில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பட்டத்தின் பெயரையே சொல்வார்கள். புதுப் பெயரில் தொடங்கிய படிப்பு, பழைய படிப்புக்கு இணையானது என்று உயர்கல்வித் துறையின் அரசாணை இருந்தால்தான் விண்ணப்பம் நிற்கும். குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

கல்லூரியை எடைபோட விளம்பரப் பலகையை நம்ப வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் செமஸ்டர் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. நீங்கள் எழுதப்போகும் பிரிவுக்கு இருக்கிறதா, இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். பிளேஸ்மென்ட் எண்ணிக்கை சொன்னால், ஒரே மாணவருக்கு வந்த மூன்று ஆஃபரை மூன்றாக எண்ணியிருக்கிறார்களா, அதிகபட்சச் சம்பளம் கிடக்கட்டும், நடுவில் இருக்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட, அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். ஆய்வகம் திறந்திருக்கிறதா, ஆசிரியர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறார்களா என்பதை அவர் சொல்வார்.

பணம் பற்றி. தனியார் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டை, சிறுபான்மைக் கல்லூரிகளானால் 50 விழுக்காட்டை, கலந்தாய்வுக்குத் தருகின்றன. இந்த இடங்களுக்குக் கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது. குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வில் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் அது போயிற்று. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கிராமத்தில் இன்னும் இது தெரியாமல் கடன் வாங்கும் குடும்பங்கள் உள்ளன. தெரிந்தவர்கள் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. ரிசல்ட் வந்த வாரத்தில் வரிசை நீளும்.

எங்காவது சேர்ந்த பிறகு அதைவிட நல்ல இடம் கிடைத்தால் தயங்காமல் மாறலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். குறிப்பிட்ட கடைசித் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. விலகல் கடிதத்தைக் கையில் கொடுப்பதோடு மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள். தேதிக்குச் சாட்சி அதுதான்.