கட்டத்தில் விழுந்த கோடு

"பிள்ளைங்க எத்தனைம்மா?"

"இல்லீங்க."

கணக்கெடுக்க வந்தவர் 0 எழுத வேண்டிய கட்டத்தில் சின்னக் கோடு ஒன்றை இழுக்கிறார். சில நேரம் அதுவும் இல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். ‘இல்லை’ என்றபின் எழுத என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த 0 முழுமையான பதில். கேட்டோம், எண்ணினோம், ஒன்றும் இல்லை என்று அது சொல்கிறது. ஐந்து வயதுச் சிறுமியின் படிவத்தில் அதே கேள்விக்கு ‘பொருந்தாது’ என்பதே பதில். கேட்க மறந்திருந்தால் அது விடுபட்ட பதில். வெற்றுக் கட்டத்தைப் பார்த்து இந்த மூன்றில் எது என்று சொல்ல முடியாது.

பத்துப் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேருக்கு மொத்தம் 21 பிள்ளைகள், மூன்று பேருக்குப் பிள்ளை இல்லை. சராசரி 2.1. அந்த மூவரின் கட்டங்களும் காலியாக இருந்து, ‘பதில் கிடைக்கவில்லை’ என்று ஒதுக்கப்பட்டால் சராசரி 3 ஆகிவிடும். பிள்ளை இல்லாத மூவர் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார்கள்.

அவர்களை மீட்க ஒரு வழியை எம். ஏ. எல்-பத்ரி என்ற மக்கள்தொகை ஆய்வாளர் 1961-இல் வெளியிட்டார். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. இளவயதினரில் பிள்ளை இல்லாதவர்கள் அதிகம். வெற்றுக் கட்டங்களும் அவர்களிடம்தான் அதிகம். வயதுக்குழு வாரியாக இரண்டு விகிதங்களையும் வரைபடத்தில் புள்ளியிட்டால், பெரும்பாலும் நேர்கோட்டை ஒட்டி வருகின்றன. உண்மையான மறதி என்றால் எல்லா வயதிலும் ஏறக்குறைய ஒரே அளவாக அல்லவா இருக்க வேண்டும்? பிள்ளை இல்லாதவர்களே இல்லை என்ற புள்ளிவரை கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், அங்கே எஞ்சும் உயரம்தான் அசல் மறதி. அதற்கு மேலிருக்கும் வெற்றிடமெல்லாம் எழுதப்படாத 0. யார் வீட்டுக் கதவையும் மறுபடி தட்டாமலே அந்தப் பெண்கள் கணக்குக்குள் திரும்பி வருகிறார்கள்.

கணினி அட்டவணைகளின் வெற்றுக் கட்டங்களிலும் இதே குழப்பம்தான். தரவுத்தள அறிஞர் எட்கர் காட், 1990-இல் வெளியான தம் நூலில், மதிப்பு உண்டு ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஒரு குறியும், பொருந்தாது என்பதற்கு வேறொரு குறியும் வேண்டும் என்றார். அது பரவலாக நடைமுறைக்கு வரவில்லை.

0 எழுதாமல் விடுவதற்குத் தலைகீழான பிழையும் உண்டு. அமெரிக்காவின் பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் நீரிழிவுத் தரவை, கணினிக்குக் கற்பிக்க உலகெங்கும் மாணவர்கள் எடுத்தாள்கிறார்கள். அதில் 35 பேரின் ரத்த அழுத்தம் 0. உயிரோடிருப்பவருக்கு அப்படி இருக்காது. அளக்காமல் விட்டது 0 ஆகப் பதிவாகியிருக்கிறது. இன்சுலின் 0 என்று 374 பேருக்கு. அதே அட்டவணையில் எத்தனை முறை கருவுற்றார் என்றும் ஒரு பத்தி உண்டு. அங்குள்ள 0 மெய்யான 0. சில பெண்களின் வரியில் இந்த இரண்டு வகை 0-வும் சேர்ந்தே இருக்கின்றன.