கோப்புகளுக்கும் அடையாளச் சீட்டு

நூலகப் புத்தகங்களின் முதுகில் எண் எழுதிய சீட்டு ஒட்டியிருப்பதை நாம் அறிவோம். கணிப்பொறியில் உள்ள கோப்புகளுக்கும் இத்தகைய சீட்டு உண்டென்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். லினக்ஸ் என்னும் இயக்க முறையில் இந்த ஏற்பாட்டுக்கு எஸ்.ஈ.லினக்ஸ் என்று பெயர். அமெரிக்க நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமை இதை உருவாக்கி, 2000ஆம் ஆண்டு டிசம்பரில் யாவரும் பயன்படுத்த வெளியிட்டது. 2003இல் லினக்ஸுடனேயே இணைக்கப்பட்டது. இன்று நம் வீட்டு ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இதுவே காவல் புரிகின்றது.

பழைய முறையில் என்ன குறை? கோப்புக்கு உரியவரின் பெயரில் ஓடும் எந்த நிரலும் அவருடைய எல்லாக் கோப்புகளையும் தொடலாம். ‘ரூட்’ எனப்படும் தலைமை நிர்வாகியின் பெயரில் ஓடும் நிரலுக்கோ தடையே கிடையாது. அப்படிப்பட்ட நிரல் ஒன்றைத் தீயவன் கைப்பற்றிவிட்டால் கணிப்பொறி முழுவதும் அவன் வசமாகிவிடும் அல்லவா? புதிய முறையில் கோப்புக்கு மட்டுமன்றி நிரலுக்கும் சீட்டு உண்டு. எந்தச் சீட்டுடைய நிரல் எந்தச் சீட்டுடைய கோப்பைத் தொடலாம் என விதிகள் உள்ளன. விதி இடம் தராவிட்டால் அனுமதி இல்லை.

சீட்டில் பயனர், பங்கு, வகை, நிலை என நான்கு பகுதிகள் உண்டு. பெரும்பாலும் வகையைக் கவனித்தாலே போதும்.

ஆண்டு விழாப் படங்களை நம் சொந்த அடைவிலிருந்து பள்ளி இணையதளத்தின் அடைவுக்கு மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் பிரதி எடுத்தால் படங்கள் அங்குள்ள சீட்டைப் பெறும். ‘எம்வி’ கட்டளையால் நகர்த்தினாலோ பழைய சீட்டே ஒட்டிக்கொண்டு வரும். ‘வீட்டுக் கோப்பு’ என்ற சீட்டைக் கண்டு இணைய நிரலுக்கு அனுமதி மறுக்கப்படும். படம் தெரியாது.

இந்நிலையில் பலர் காவலையே நிறுத்திவிடுகின்றனர். அவசரத்தில் செய்வதுதான் எனினும், இது பெரும் தவறு என்பது நம் கருத்து. ‘எல்எஸ்’ கட்டளையுடன் பெரிய ‘இசட்’ எழுத்தைச் சேர்த்தால் சீட்டு தெரியும். ‘ரெஸ்டோர்கான்’ என்ற கட்டளை, இந்த இடத்துக்கு எந்தச் சீட்டு என்று பதிவேட்டைப் பார்த்து ஒட்டிவிடும். ஒரு நிமிட வேலைதான்!

வழக்கமில்லாத புது அடைவில் படங்களை வைப்பதானால் பதிவேட்டில் அதற்குக் குறிப்பு இராது. ‘சிஎச்கான்’ கட்டளையால் சீட்டை மாற்றலாம். ஆனால் அடுத்த முறை சீட்டுகளைச் சரிபார்க்கையில் அது அழிந்துபோகும். எனவே முதலில் ‘செமேனேஜ்’ கட்டளையால் பதிவேட்டில் எழுதிவிட்டு, பிறகு ‘ரெஸ்டோர்கான்’ இடவேண்டும்.