கரடி பாய்ந்து வந்தால் மரத்தில் ஏறலாமா? பள்ளிக்கூடக் கதை சொல்லாத விஷயம்

இரண்டு நண்பர்கள் காட்டு வழியே போனார்கள். எதிரே கரடி. ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான். மரம் ஏறத் தெரியாதவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செத்தவன் மாதிரி கிடந்தான். இந்தக் கதையைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். நட்பைப் பற்றி அது சொல்வதெல்லாம் சரிதான். கரடியைப் பற்றிச் சொல்வதில்தான் பாதி தப்பு.

தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பது தேன்கரடி. பேரிலேயே விஷயம் இருக்கிறது. தேனடைக்காக மரம் ஏறுகிற விலங்கு அது. நீங்கள் ஏறிய மரத்தில் அதுவும் ஏறும். ஓடிடலாம் என்றால் அதுவும் நடக்காது. குண்டு உடம்பு, தள்ளாடும் நடை, சாமரம் மாதிரி முடி எல்லாவற்றோடும் அது மனிதனைவிட வேகமாக ஓடும்.

செஞ்சிக்கு இதில் என்ன சம்பந்தம்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த செஞ்சிக் கோட்டை, சென்னையிலிருந்து பைக்கில் கிளம்புகிறவர்களின் வீக் எண்ட் லிஸ்ட்டில் எப்போதும் உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி என்று எந்தக் குன்றைப் பார்த்தாலும் ஒன்றன்மேல் ஒன்றாக உருட்டி வைத்த மாதிரி கருங்கல் பாறைகள், இடையில் குகை போன்ற இடுக்குகள், சுற்றிலும் முள்புதர். தேன்கரடி பகலில் படுத்துக்கிடக்கவும் குட்டி போடவும் தேடுவது இந்த மாதிரி இடத்தைத்தான். கர்நாடகத்தில் ஹம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் தரோஜி, இதே போன்ற பாறைக்காடு. 1994-ல் அது கரடிகளுக்கான சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டது.

பதற வேண்டாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு பகலில் கோட்டை ஏறுகிறவர்கள் குரங்குக்கும் வெயிலுக்கும் பயந்தால் போதும். படிக்கட்டை விட்டு விலகி, 'யாரும் போகாத ரூட்' தேடிக் காப்புக்காடுகளின் பாறை இடுக்கில் தலையை நுழைக்கிற ஆட்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

கரடி ஏன் பாய்கிறது?

தேன்கரடியின் முக்கிய உணவு கரையான், எறும்பு. புற்றைத் தோண்டி, மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சும். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லாததே இதற்கு வசதி. உறிஞ்சுகிற சத்தம் நூறு மீட்டர் தாண்டியும் கேட்கும். பார்வையும் அதற்குச் சுமார்தான். தன் சத்தத்திலேயே மூழ்கியிருக்கும் கரடிக்கு, நீங்கள் பக்கத்தில் வந்து நிற்கும்வரை தெரியாமல் போகலாம்.

தெரிந்ததும் தப்பி ஓடாதா? புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் வாழ்ந்து வந்த விலங்கு அது. முதுகைக் காட்டி ஓடினால் புலி பிடிக்கும். மரம் ஏறினால் சிறுத்தையும் ஏறும். மிச்சமிருப்பது எதிர்த்துப் பாய்வது ஒன்றுதான். பெரும்பாலான கரடித் தாக்குதல்கள் இப்படித் திடீரென நேருக்கு நேர் பார்த்த அதிர்ச்சியில் நடப்பவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். முதுகில் குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வேட்டை அனுமதிக்கப்பட்டிருந்த காலத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கே இது லேசான விஷயமாக இல்லை. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன், அரசிகெரே பக்கம் 12 பேரைக் கொன்று, இரண்டு டஜன் பேரைக் காயப்படுத்திய ஒரு கரடியைப் பற்றி 1957-ல் வெளியான புத்தகத்தில் எழுதியிருக்கிறார். புலிகளையே சுட்ட அவருக்கு அந்தக் கரடியை வீழ்த்த மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன.

சரி, என்னதான் செய்வது?

பார்க்காமல் இருப்பதுதான் முதல் வழி. கூட்டமாகப் போங்கள், பேசிக்கொண்டே போங்கள். இயர்போனைக் கழற்றிவிடுங்கள். அதிகாலை, அந்தி, இரவு வேண்டாம். தூரத்தில் கரடி தெரிந்து, அது உங்களைக் கவனிக்கவில்லை என்றால் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். செல்ஃபி எல்லாம் கனவிலும் கூடாது.

பாய்ந்தே விட்டதா? ஓடாதீர்கள். மேலே விழப்போகிறது என்றால் குப்புறப் படுத்துவிடுங்கள். விரல்களைக் கோத்து, இரண்டு கைகளாலும் பிடரியை மூடுங்கள். தேன்கரடி எழுந்து நின்று தாக்கும்போது முதலில் சிக்குவது முகமும் தலையும்தான். அவற்றை மண்ணோடு மறைப்பதே நோக்கம். எதிரி அடங்கிவிட்டான் என்று தோன்றினால் பெரும்பாலும் அது போய்விடும். உடனே எழுந்துவிடாமல், அது விலகிப் போகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். கதையில் படுத்துக் கிடந்தவன் பிழைத்தது இந்த வகையில் நியாயம்தான். மல்லாந்து படுத்திருந்தால் மட்டும் சிக்கல்.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே, பைக்கில் மசாலா விற்கப் போன ஒருவரைக் கரடி கீழே தள்ளி முகத்தைக் குதறியது. காப்பாற்ற ஓடிவந்த இருவரும் படுகாயமடைந்தனர். அந்த வீடியோவை அப்போது பலரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விடப்பட்ட கரடியும் பிறகு செத்துப்போனது.

கடிபட்டால் ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்துவதும் 108-ஐ அழைப்பதும் முதல் வேலை. சின்னக் காயம்தானே என்று விடக் கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். காட்டு விலங்கின் கடி என்பதால் ரேபிஸ் தடுப்பூசி பற்றியும் டெட்டனஸ் ஊசி பற்றியும் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சுட்டால் என்ன ஆகும்?

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது தேன்கரடி. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அப்படியானால் உயிருக்கு ஆபத்து வந்தால்? நல்லெண்ணத்தோடு, தற்காப்புக்காக விலங்கைக் கொல்வதோ காயப்படுத்துவதோ குற்றமல்ல என்கிறது 11-வது பிரிவு.

ஆனால், அதிலேயே ஒரு கொக்கியும் உண்டு. அந்த நேரத்தில் நீங்கள் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. முயல் வேட்டைக்குப் போன இடத்தில் கரடி பாய்ந்தது, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சுட்டேன் என்று சொன்னால் எடுபடாது. முயலும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறது.