ஒரு சொட்டு ரத்தத்தை எண்ணுவது எப்படி?



சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருநாளில் ரத வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. அத்தனை பேரையும் எண்ண முடியுமா? ஒரு சிறு இடத்தில் நிற்பவர்களை எண்ணி, மொத்த இடத்துக்கும் பெருக்கிக் கொள்ளலாம், அல்லவா? ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் இதே கணக்குத்தான்!

ஒரு கன மில்லிமீட்டர் என்பது கடுகைவிடச் சிறிய அளவு. நலமான பெரியவர் ஒருவரின் உடலில் அவ்வளவு ரத்தத்திலேயே ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். இவை ஆக்சிஜனைச் சுமப்பவை. கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரை. காயம் பட்டால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

வெள்ளையணுக்களை எண்ணும் முறையைப் பார்ப்போமா?

ஒரு பங்கு ரத்தத்துடன் 19 பங்கு மருந்துநீரைக் கலப்பார்கள். அதிலுள்ள அமிலம் சிவப்பணுக்களை அழித்துவிடும். சாயம் வெள்ளையணுக்களின் உட்கருவுக்கு நிறமேற்றும். பிறகு அதை, கணக்கு நோட்டைப் போலக் கட்டம் போட்ட 'நியூபார் அறை' என்னும் கண்ணாடித் தகட்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

மூலையிலுள்ள நான்கு பெரிய கட்டங்களில் மட்டும் எண்ணினால் போதும். நான்கிலும் சேர்ந்து 0.4 கன மில்லிமீட்டர் கலவை இருக்கும். அதில் 140 வெள்ளையணுக்கள் இருந்தால், 140 × 20 ÷ 0.4 = 7,000. இதுதான் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்திலுள்ள எண்ணிக்கை.

கோட்டின் மேலேயே ஓர் அணு உட்கார்ந்திருந்தால்? மேல்கோட்டையும் இடதுகோட்டையும் தொடுபவை கணக்கில் உண்டு. கீழ்க்கோடு, வலதுகோடு தொடுபவை இல்லை. அப்போதுதான் ஒரே அணுவை இருமுறை எண்ண மாட்டோம்.

இன்று பல இடங்களில் கருவியே எண்ணிவிடுகிறது. அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர் 1953ல் காப்புரிமை பெற்ற முறை ஒன்று உண்டு. அணுக்கள் நுண்துளை வழியே செல்லும்போது மின்தடை மாறும். அந்த மாற்றங்களைக் கருவி எண்ணும்.

அப்படியானால் மனிதக் கண் தேவையில்லையா? தேவை! 2012ல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவியது. கடையநல்லூர் பகுதி மிகவும் பாதிக்கப்பட்டது. டெங்குவில் தட்டணுக்கள் குறையும். ஆனால் சில சமயம் சோதனைக் குழாயில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவியும் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிவிடும். எனவே எண்ணிக்கை மிகக் குறைவாக வந்தால், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தேய்த்து, லீஷ்மன் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் சரிபார்ப்பார்கள். குறைவு உண்மைதான் என்று தெரிந்தால், மருத்துவர் நோயாளியைக் கூடுதல் கவனத்துடன் பார்ப்பார். ஓர் உயிரே அந்த எண்ணைப் பொறுத்திருக்கலாம்!

நீங்களும் செய்து பாருங்கள்: ஒரு தாளில் 100 கட்டங்கள் போட்டு, ஒரு பிடி கேழ்வரகைப் பரப்புங்கள். நான்கு கட்டங்களில் எண்ணி 25ஆல் பெருக்குங்கள். வேறு நான்கு கட்டங்களில் எண்ணினால் விடை மாறுகிறதா? தானியம் சீராகப் பரவவில்லை என்று பொருள். ரத்தத்தை நன்றாகக் கலந்த பிறகே ஏன் எண்ணுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?