குளிர் நாட்டுக் கிராமத்தில் ஒரு வீடு



நம் ஊரில் வீடு கட்டுகிறவர், எந்தப் பக்கம் சன்னல் வைத்தால் காற்று வரும் என்றுதான் முதலில் பார்ப்பார். பிரான்சு நாட்டுக் கிராமத்தில் பழைய வீடொன்றை வாங்குகிறவரோ, இதை எதைக் கொண்டு சூடாக்குவது என்ற கேள்வியோடுதான் உள்ளே நுழைவார். பனி பெய்யும் ஊரில் எல்லாரும் அடுப்பைச் சுற்றியேவா உட்கார்ந்திருப்பார்கள் என்று என் வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். முகம் சுடும், முதுகு விறைக்கும். அக்குறையைத் தீர்க்க வந்ததே மைய வெப்ப முறை.

வீட்டின் ஒரு மூலையில் கொதிகலன் ஒன்று இருக்கும். அதில் சூடான நீரை ஒரு சிறு பம்பு குழாய்கள் வழியே அறைதோறும் அனுப்பும். அறைச் சுவரில் பொருத்திய இரும்புத் தகடுகள் அந்தச் சூட்டை அறைக்குக் கொடுக்கும். ஆறிய நீர் மீண்டும் கொதிகலனுக்குத் திரும்பும். இத்தகடுகளுக்கும் ரேடியேட்டர் என்றே பெயர். லாரியில் இருப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே சூட்டை வெளியே விரட்டுகிறோம், இங்கே அதையே விரும்பி வாங்கிக்கொள்கிறார்கள்.

சரி, கொதிகலனில் எதை எரிப்பது? நகரத்தில் எரிவாயுக் குழாய் தெருவிலேயே ஓடும். பல கிராமங்களுக்கு அது வருவதில்லை. ஆகவே பல ஆண்டுகளாக எண்ணெய்தான் எரித்தார்கள். வீட்டுத் தொட்டியை நிரப்ப லாரி வரும். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் நாடே விழித்துக்கொண்டது. 1974-இல் அணுமின் நிலையங்களைப் பெருக்கும் திட்டத்தை அரசு தொடங்க, மின்சாரத்தால் சூடேற்றும் வீடுகள் பெருகின. பின்னர், 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய எண்ணெய்க் கொதிகலன் பொருத்துவதற்குத் தடை வந்தது. இருப்பதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஓய்ந்துவிட்டால், அக்குடும்பம் வேறொன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

ஆண்டுக்கு 2,000 லிட்டர் எண்ணெய் எரித்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 10 யூனிட் வெப்பம் உண்டு. எனவே மொத்தம் 20,000 யூனிட்.

இதை விறகால் ஈடுகட்ட, நன்கு உலர்ந்த ஓக் போன்ற கட்டை, நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒரு மீட்டராக அடுக்கிய 12 முதல் 14 அடுக்குகள் தேவைப்படும். பச்சை விறகை அடுப்பில் வைத்து ஊதிக் கண் கலங்கிய தாய்மார்களுக்கு, உலர்ந்த என்ற சொல்லின் அருமை தெரியும். வெட்டிய மரத்தில் பாதி எடை வரை நீராகவே இருக்கலாம். அந்நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிவிடும். புகைபோக்கியில் கரியும் படியும், அது தீப்பற்றவும் கூடும். அதனால் விறகைப் பிளந்து, கூரையின் கீழ் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு உலரவைத்து, ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே எரிக்கிறார்கள். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறையேனும் துடைக்க வேண்டும். புகை வழி அடைத்தால் நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு அறையில் தங்கி, உறங்குகிறவரை அப்படியே கொன்றுவிடும்.

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சி உருண்டைகளும் உண்டு. இயந்திரமே அவற்றை நெருப்பில் தள்ளும். இவ்வீட்டுக்கு நான்கு டன்னுக்குச் சற்று மேல், அதாவது 15 கிலோ மூட்டைகளாக ஏறக்குறைய 280 வேண்டும். வயதான தம்பதியர் இத்தனையையும் தூக்கிச் சுமப்பார்களா என்று யோசிக்க வேண்டாமா?

மற்றொன்று வெப்ப பம்பு. குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் திருப்பிப் போட்டது போன்றது. வெளிக்காற்றிலுள்ள சூட்டைச் சேர்த்து உள்ளே தருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். இலாபந்தான். ஆனால் வெளியே குளிர் கடுமையாகக் கடுமையாக அதன் திறன் குறையும். தரைக்கடியில் ஓடும் 35 பாகை நீருக்கு அது நன்றாக உழைக்கும். 65 பாகை கேட்கும் பழைய ரேடியேட்டர்களுக்கு மூச்சு வாங்கும்.

என் கருத்தில், இவையெல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கூரையை. அரை மீட்டருக்கு மேல் கனமுள்ள கற்சுவர் இருந்தும், மறைப்பில்லாத கூரை வழியே கால் பங்குக்கும் மேற்பட்ட சூடு போய்விடும். கூரைக்குள் பஞ்சுப் பாய் பரப்பிய பிறகு கணக்குப் போட்டால் சிறிய கொதிகலனே போதுமானதாகிவிடும். முதலில் கொதிகலன் வாங்கிவிட்டு, பிறகு கூரையை அடைப்பவர் தேவைக்கு மீறிய ஒன்றுக்குக் காசு கொடுத்தவராவார்.

இன்னொன்று. கொதிகலன் எதுவாயினும் அதன் பம்பு மின்சாரத்தில்தான் ஓடும். 1999 டிசம்பர் இறுதியில் இரண்டு பெரும்புயல்கள் அடுத்தடுத்து வீசி, முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றது. சில கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. குழாயில் நீர் உறைந்தால் அது பருத்துக் குழாயையே பிளந்துவிடும். அதனால்தான் வெப்ப பம்பு வைத்த வீட்டிலும், கூடத்தில் ஒரு சாதாரண விறகடுப்பும் கொட்டகையில் கொஞ்சம் காய்ந்த கட்டையும் வைத்திருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.