பேஸ்மென்ரில் ஒரு டிபக்கிங்: வீட்டு ஃபர்னஸ் எப்படி வேலை செய்யுது?



இந்தக் கிழமை எபிசோட்டில் லொக் வாசிக்கிறதைப் பற்றிக் கதைச்சம். "சேவர் விழுந்தா உடனே ரீபூட் பண்ணாதேங்கோ, முதல் லொக்கைப் பாருங்கோ" எண்டு நான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னன். எடிற் பண்ணேக்கை அதைத் திருப்பிக் கேட்க எனக்கே வெட்கமாய் இருந்தது. ஏனெண்டால் போன ஜனவரியில் ஸ்காபரோவில் அம்மா அப்பா வீட்டு ஃபர்னஸ் நிண்டபோது நான் செய்தது அதுக்கு நேர் எதிர்.

இரவு பதினொண்டரை இருக்கும். வெளியில் மைனஸ் 19. அம்மா ஃபோன் எடுத்தா.

"தம்பி, வீடு குளிருது. ஹீற்றர் வருது, உடனே நிக்குது."

"பேஸ்மென்ற் படிக்குப் பக்கத்தில ஒரு சுவிச் இருக்கெல்லே அம்மா, அதை ஓஃப் பண்ணி ஒரு நிமிஷத்தால ஓன் பண்ணச் சொல்லி அப்பாட்டைச் சொல்லுங்கோ."

வேலை செய்தது. நானும் படுத்திட்டன். அடுத்த இரவும் அதே ஃபோன், அதே பதில். மூன்றாம் நாள் ஃபோன் வரேல்லை. சரியாயிட்டுது எண்டு நினைச்சன்.

ஐந்தாம் நாள் நேரில் போனால், வீட்டுக்குள் 14 பாகை. குசினியில் கேஸ் அவனின்ரை கதவு திறந்து கிடக்குது, அதுக்கு முன்னால் கதிரை போட்டு, ஸ்வெற்றரும் தொப்பியும் போட்டபடி அப்பா. "உனக்கு வேலை இருக்கும், ஏன் கரைச்சல் தருவான் எண்டு விட்டிட்டம்" எண்டார். மேல்மாடி நடைபாதையில் இருக்க வேண்டிய கார்பன் மொனொக்சைட் அலாரத்தைக் காணேல்லை. "அது சும்மா சும்மா கீச்சிட்டுது தம்பி, கழட்டி லாச்சிக்குள்ள வைச்சிட்டன்."

எனக்கு வெளியில் இருந்த குளிரை விட அந்த லாச்சியைத் திறந்தபோதுதான் உடம்பு சில்லிட்டது.

அதனால் இந்த முறை நியூஸ்லெற்றர் கம்பியூட்டரைப் பற்றியில்லை. உங்கட வீட்டில், அல்லது உங்கட அம்மா அப்பா வீட்டில், கீழே நிக்கிற அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைப் பற்றி.

அது ஒரு ஸ்ரேற் மெஷின்

கேஸ் ஃபர்னஸ் எண்டால் ஏதோ நெருப்புப் பெட்டி எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். உள்ளுக்குள் இருக்கிறது ஒரு கொன்ட்ரோல் போட். அது ஒரு ஒழுங்குப்படிதான் நடக்கும். ஒவ்வொரு படியிலும் "முந்தின படி சரியா?" எண்டு பார்க்கும், சரியில்லாட்டில் அடுத்ததுக்குப் போகாது. அந்த ஒழுங்கு இதுதான்:

1. தெர்மோஸ்ராற் சூடு கேட்கும். சுவரில் இருக்கிற அந்தக் கருவி பெரிதாய் ஒன்றும் செய்வதில்லை. R, W எண்ட இரண்டு வயர்களைத் தொடுக்குது, அவ்வளவுதான். 24 வோல்ற் சிக்னல் போட்டுக்குப் போகும்.

2. இன்டியூசர் எண்ட சின்ன விசிறி சுழலத் தொடங்கும். எரியும் அறைக்குள் மிச்சம் இருக்கிற வாயுவை வெளியே தள்ளுவது அதின்ரை வேலை. நீங்கள் முதலில் கேட்கும் மெல்லிய இரைச்சல் அதுதான்.

3. பிரஷர் சுவிச் மூடும். புகை வெளியே போக வழி இருக்கு எண்டதற்கு அதுதான் சாட்சி. புகைக்குழாய் அடைபட்டிருந்தால் சுவிச் மூடாது, எல்லாம் இதோடு நிற்கும்.

4. இக்னைற்றர் சூடாகும். இது ஆயிரம் பாகைக்கு மேல் சூடேறி செம்மஞ்சளாய் ஒளிரும் ஒரு சின்னத் துண்டு. பழைய ஃபர்னஸ்களில் எப்போதும் எரிந்துகொண்டிருந்த பைலற் சுடருக்குப் பதிலாக வந்தது.

5. கேஸ் வால்வ் திறக்கும். ஒரு கிளிக், பிறகு 'புஃப்' எண்டு நெருப்புப் பிடிக்கும் சத்தம்.

6. ஃபிளேம் சென்சர் நெருப்பைப் பார்க்க வேணும். ஒரு சில விநாடிகளுக்குள் "நெருப்பு இருக்கு" எண்டு அது சொல்லாவிட்டால் போட் கேஸை மூடிவிடும்.

7. அரை நிமிடம் அல்லது கொஞ்சம் கூடப் போன பிறகு பெரிய விசிறி ஓடத் தொடங்கும். அப்போதுதான் உங்கட அறைக்குச் சூட்டுக் காற்று வரும்.

இதில் எங்கேயாவது பிழைத்தால் போட் திரும்ப முதலில் இருந்து முயலும். பொதுவாக மூன்று நாலு தரம் தோற்றால் லொக் அவுட். பல போட்கள் ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துத் தானாக மறுபடி முயலும். கரண்டை நிறுத்திப் போட்டால் உடனே முயலும். நான் ஃபோனில் சொன்ன "மருந்து" அதைத்தான் செய்தது. லொக் அவுட்டை அழித்தது, காரணத்தைத் தொடவே இல்லை.

லொக் எங்கே இருக்கு?

ஃபர்னஸின்ரை கீழ்க் கதவில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன வட்ட ஓட்டை இருக்கும். அதுக்குள்ளால் பார்த்தால் போட்டில் ஒரு எல்.இ.டி. சிமிட்டிக்கொண்டு இருக்கும். இத்தனை தரம் சிமிட்டினால் இன்ன பிழை எண்டு ஒரு அட்டவணை கதவின்ரை உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கம்பனிக்கும் அட்டவணை வேறு. அதனால் உங்கட கதவில் இருக்கிறதைத்தான் நம்ப வேணும், இன்ரநெற்றில் இருக்கிறதை இல்லை.

ஒன்றைக் கவனியுங்கோ: கதவைக் கழற்றினால் அதின்ரை பாதுகாப்பு சுவிச் கரண்டைத் துண்டிக்கும், பல போட்களில் கோட் அழிந்துபோகும். முதலில் கண்ணாடிக்குள்ளால் எண்ணுங்கோ, ஃபோனில் வீடியோ எடுங்கோ, பிறகு கதவைத் தொடலாம்.

நான் பேஸ்மென்ரில் தண்ணி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து பார்த்தன். இன்டியூசர் ஓடிச்சுது. இக்னைற்றர் சிவந்துது. கேஸ் வந்துது, அழகான நீல நெருப்பு. நாலைந்து விநாடி. கிளிக், எல்லாம் அணைஞ்சுது. திரும்பவும் முதலில் இருந்து. மூன்று தரம்.

யோசிச்சுப் பாருங்கோ. 1 முதல் 5 வரை எல்லாம் சரி. நெருப்பும் இருக்கு. ஆனால் போட் "நெருப்பு இல்லை" எண்டு முடிவெடுக்குது. எங்கட பாஷையில் சொன்னால், சேவர் ஓடுது, ஹெல்த் செக்தான் ஃபெயில்.

அந்த ஹெல்த் செக் எப்படி வேலை செய்யுது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஃபிளேம் சென்சர் கமராவும் இல்லை, வெப்பமானியும் இல்லை. வெறும் உலோகக் கம்பி. நெருப்புக்குள் மின்னேற்றம் உள்ள துகள்கள் இருப்பதால் நெருப்பு கொஞ்சம் மின்சாரம் கடத்தும். போட் அந்தக் கம்பிக்கு ஏ.சி. மின்னழுத்தம் கொடுக்கும். மறுமுனையில் இருக்கும் பேர்னர் கம்பியை விடப் பரப்பில் மிகப் பெரிது. அதனால் மின்சாரம் ஒரு திசையில் கூடவும் மறு திசையில் குறையவும் ஓடும், கணக்குப் பார்த்தால் டி.சி. ஆகிவிடும். அந்த டி.சி. வந்தால் நெருப்பு நிச்சயம். ஒரு வயர் வேறெங்கேயாவது பட்டு ஷோர்ட் ஆனாலும் இரண்டு திசையிலும் சமமாய் ஓடுமே தவிர இப்படி ஒருபக்கமாய் வராது. அதனால் போட்டை ஏமாற்றுவது கடினம்.

ஓடுவது சில மைக்ரோ ஆம்பியர்தான், அதாவது ஆம்பியரின் பத்து இலட்சத்தில் சில பங்கு. காலப்போக்கில் கம்பியில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு படிவு ஏறினால் அதுவும் தடைப்பட்டுப் போகும். மட்டுமட்டான நிலையில் ஒரு தரம் பிடிக்கும், அடுத்த தரம் பிடிக்காது. அதனால்தான் என்ரை ரீபூட் முதல் இரண்டு இரவும் "வேலை செய்தது".

யார் செய்ய வேணும்?

நான் கம்பியூட்டர் சயன்ஸ் படிச்சவன், கேஸ் படிச்சவன் இல்லை. ஒன்ராறியோவில் கேஸ் கருவிகளில் வேலை செய்ய ரி.எஸ்.எஸ்.ஏ. சான்றிதழ் வேணும். அதனால் லைசன்ஸ் உள்ள ஒரு ரெக்னீஷியனைக் கூப்பிட்டன். "நெருப்புப் பிடிக்குது அண்ணை, நாலைந்து விநாடியில நிக்குது, மூன்று தரம் பார்த்திட்டு லொக் அவுட்" எண்டு ஃபோனில் சொன்னவுடன், "அப்ப சென்சராய்த்தான் இருக்கும், வாறன்" எண்டார். வந்து மீற்றர் வைச்சு அளந்தார்: 0.4. கம்பியைக் கழற்றி மெதுவாய்த் தேய்ச்சுத் துடைச்சுப் போட்டு அளந்தார்: மூன்றுக்கு மேல். மொத்தம் கால் மணி நேரம். மிச்ச நேரம் முழுக்க, கறுத்துப் போன ஃபில்ரரைக் காட்டி எனக்குப் பேச்சு.

இதை ஏன் விவரமாய்ச் சொல்லுறன் எண்டால், அதுக்கு முதல் நாள் வேறொரு ஆள் வந்து பார்த்திட்டு "போட் போயிட்டுது, ஃபர்னஸே மாத்த வேணும்" எண்டு பத்து வருஷ வாடகை ஒப்பந்தம் ஒன்றை மேசையில் வைச்சிட்டுப் போயிருந்தார். அப்பா பேனை எடுத்திட்டார். அம்மாதான் "தம்பியைக் கேட்டிட்டுப் போடுங்கோ" எண்டு நிப்பாட்டினவ. ஒன்ராறியோவில் 2018 மார்ச் முதல், நீங்கள் கூப்பிடாமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ் விற்பது சட்டப்படி தடை. ஆனால் நாங்களே கூப்பிட்ட ஆள் இப்படிச் சொன்னால் அந்தச் சட்டம் கைகொடுக்காது. எந்தப் படியில் நிக்குது எண்டு உங்களுக்குத் தெரிந்திருந்தால், "எந்த அளவீட்டை வைத்துச் சொல்லுறீங்கள்?" எண்டு கேட்கலாம்.

கூப்பிட முதல் நீங்கள் பார்க்கக்கூடியவை

சுவிச்: ஃபர்னஸ் சுவிச் லைற் சுவிச் மாதிரியே இருக்கும். பேஸ்மென்ற் லைற் எண்டு நினைத்து யாராவது ஓஃப் பண்ணியிருப்பார்கள். சிரிக்காதேங்கோ, இது நிறைய நடக்கும்.

கதவு: ஃபில்ரர் மாற்றிய பிறகு கதவு சரியாய்ப் பொருந்தாவிட்டால் பாதுகாப்பு சுவிச் அழுத்தப்படாது. ஃபர்னஸ் செத்த மாதிரிக் கிடக்கும்.

தெர்மோஸ்ராற்: பற்றரி இருந்தால் மாற்றிப் பாருங்கோ. "ஹீற்" நிலையில் இருக்கா எண்டும் பாருங்கோ.

ஃபில்ரர்: ஒரு அங்குல ஃபில்ரர் எண்டால் மாதம் ஒருக்கால் பாருங்கோ, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றுங்கோ. அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பார்க்க வேணும். ஃபில்ரர் அடைபட்டால் காற்று குறையும், உள்ளே சூடு எல்லை மீறும், லிமிற் சுவிச் கேஸை நிறுத்தும். இது திரும்பத் திரும்ப நடந்தால் ஹீற் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு வரலாம். அதுக்குப் பிறகு விஷயம் காசு இல்லை, உயிர்.

வெளிக் குழாய்கள்: புதிய ஃபர்னஸ்களில் வீட்டுச் சுவரால் இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள் வெளியே வரும். ஸ்னோ மூடியிருந்தால் மெதுவாய் விலக்குங்கோ.

தண்ணீர்க் குழாய்: அதே ஃபர்னஸ்களில் இருந்து தண்ணீர் வடியும். வடிகுழாய் மடங்கியோ அடைபட்டோ இருந்தால் பிரஷர் சுவிச் மூடாது.

இதுக்கு மேல், கேஸ் குழாய், வால்வ், பேர்னர் எதுவும் எங்கட வேலை இல்லை. நெருப்பு நீலமாய் இல்லாமல் மஞ்சளாய் அசைந்து எரிந்தால் ஃபர்னஸை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கோ. கேஸ் மணத்தால் எந்தச் சுவிச்சையும் தொடாமல் எல்லாரும் வெளியே போய், வெளியில் நிண்டு ஃபோன் பண்ணுங்கோ.

அந்த லாச்சி

கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்கும் இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாய்ப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி வரும். காய்ச்சல் இல்லாத ஃபுளூ மாதிரி இருக்கும். ஆட்கள் படுத்தால் சரியாகும் எண்டு படுப்பார்கள். ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக்கில் 2008இல் ஒரு குடும்பமே இப்படி இறந்தது. கேஸ் ஃபயர்பிளேஸின்ரை புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் அலாரம் இருக்கேல்லை. அதுக்குப் பிறகு வந்ததுதான் 2013ஆம் ஆண்டின் ஹோக்கின்ஸ் கிக்னக் சட்டம்.

அவனைத் திறந்து வைத்து வீட்டைச் சூடாக்குவது அதே ஆபத்துதான். அது சமைக்கச் செய்தது, மணிக்கணக்காய் கதவு திறந்தபடி எரியச் செய்ததில்லை.

அலாரத்துக்கும் ஆயுள் இருக்கு, ஏழு முதல் பத்து வருஷம். பின்பக்கத்தில் திகதி இருக்கும். அப்பாவின்ரை அலாரம் கீச்சிட்டது பழுதாகியில்லை. "என்ரை காலம் முடிஞ்சுது, என்னை மாத்து" எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அண்டைக்கு இரவே இரண்டு புதுசு வாங்கிப் பூட்டினன்.

இந்தச் சனி ஞாயிறு

ஒரு சின்ன வேலை தாறன். அம்மா அப்பா வீட்டுக்குப் போங்கோ. ஃபர்னஸ் நல்லாய் வேலை செய்யும்போதே, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு தரம் சத்தத்தோடு வீடியோ எடுங்கோ. அதுதான் உங்கட பேஸ்லைன். மொடல் நம்பரையும் கோட் அட்டவணையையும் படம் எடுங்கோ. ஃபில்ரரின் அளவை எழுதுங்கோ. அலாரத்தைத் திருப்பித் திகதியைப் பாருங்கோ.

பிறகு இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு, "வீடு குளிர்ந்தா எத்தனை மணி எண்டாலும் எனக்கு அடியுங்கோ" எண்டு சொல்லுங்கோ. ஒருக்கால் சொன்னால் காணாது. நான் இப்ப ஒவ்வொரு முறை போகேக்கையும் சொல்லுறன்.

எல்.இ.டி. எத்தனை தரம் சிமிட்டுது எண்டு இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. சுவாரசியமானதை அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறன். அடுத்த கிழமை திரும்பவும் கம்பியூட்டர்தான்: பக்அப் எடுத்தும் திருப்பி எடுக்க ஏலாமல் போன ஒரு கதை.

சந்திப்பம்.