நூலுக்கு இயற்கைச் சாயமிடலும் கம்பி ஆபரணமும்

இயற்கைச் சாயம் என்றால் என்ன என்ற வினாவுக்கு, "பூ, இலை, பட்டை, வேர் என்பவற்றை அவித்துப் பெறப்படும் நிறம்" என்று எழுதிவிட்டு மாணவர் பலர் நிறுத்திவிடுகின்றனர். இது பாதி விடையே. அவித்த நீரில் தோய்த்தால் நூல் நிறம் பெறும். ஆனால் பெரும்பாலான சாயங்கள் முதற் சலவையிலேயே கழன்றுவிடும். திருகோணமலையில் கைப்பணி வகுப்பொன்றில் பயின்று, உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்குத் தான் பின்னிய பையை விற்க எண்ணும் ஒரு பெண்ணுக்கு இது சிறிய விடயமன்று. வாங்கியவரின் வெள்ளைச் சட்டையில் சாயம் ஊறினால் அடுத்த பை விலைப்படாது.

நிறம் நூலில் நிலைப்பதற்கு இடையில் ஒரு பொருள் தேவை. அதுவே நிறமூன்றி எனப்படும். படிகாரம் இதற்கு எளிதில் கிடைக்கும் உதாரணமாகும். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒருபுறம் நாரையும் மறுபுறம் சாயப் பொருளையும் பற்றிக்கொள்கிறது. கம்பளி, பட்டு ஆகிய புரத நார்கள் அலுமினியத்தை இலகுவாக ஏற்கும். பருத்தி அவ்வாறன்று; அது செலுலோசினால் ஆனது. ஆகவே பருத்தி நூலை முதலில் கடுக்காய் நீரில் ஊறவைப்பர். கடுக்காயிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் நாரில் படிந்து அலுமினியத்துக்கு இடமளிக்கிறது.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களில் தானாக வளர்ந்த சாயவேர் தோண்டப்பட்டு முக்கிய வியாபாரப் பொருளாக விளங்கியது. அவ்வேரிலுள்ள செந்நிறப் பொருள் அலிசரின் ஆகும். அலுமினியத்தோடு கல்சியமும் சேரும்போதே அலிசரினின் சிவப்பு ஆழமடையும். சிப்பி ஓடுகள் கலந்த கரையோர மண்ணில் கல்சியம் உண்டு என்பதையும் இங்கு நினைவிற் கொள்க. 1856 இல் வில்லியம் பேர்க்கின் முதலாவது செயற்கைச் சாயங்களுள் ஒன்றைக் கண்டறிந்தார். 1868 இல் ஜேர்மனியரான கிரேபேயும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாகத் தயாரித்தனர். வேர் தோண்டி அவிப்பதிலும் பார்க்க அது மலிவாக இருந்தமையால் சாயவேர்த் தொழில் அழிந்தது.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். உலர்ந்த நிலையில் 100 கிராம் நிறையுள்ள பருத்தி நூற்சிட்டம் ஒன்றை எடுத்து, மூன்று நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டிக்கொள்க. கட்டாவிடின் நூல் சிக்குப்படும். சலவைச் சோடா கலந்த நீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவித்து, நூலிலுள்ள பசை, மெழுகு என்பவற்றை நீக்குக. பலர் அலட்சியம் செய்யும் படி இதுவே. பின்னர் 20 கிராம் கடுக்காய்த்தூள் கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, 15 கிராம் படிகாரம் கரைத்த இளஞ்சூடான நீரில் சில மணி நேரம் இடுக. தச்சுப் பட்டறையிற் கிடைக்கும் பலாமரச் சீவலை ஒரு மணி நேரம் அவித்து வடித்தால் மஞ்சட் சாயம் கிடைக்கும். பௌத்த துறவிகளின் காவியுடைக்கு மரபாகப் பயன்பட்டதும் இதுவே. அச்சாய நீர் ஏறத்தாழ 3 லீற்றர் அளவில், நூல் முற்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். கொதிக்கவிடாமல் 80 பாகை செல்சியசு அளவில் ஒரு மணி நேரம் சூடாக்கி, சாயநீரிலேயே ஆறவிட்டு, அலசி நிழலில் உலர்த்துக.

பாத்திரத்தையும் கவனிக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரமே உகந்தது. இரும்புச் சட்டியில் அவித்தால் மஞ்சள் நிறம் மங்கிக் கரும்பச்சையாகிவிடும், ஏனெனில் இரும்பும் ஒரு நிறமூன்றியே. அதனை வேண்டுமென்றே சிறிதளவு சேர்த்துக் கருநிறம் பெறுவதும் உண்டு. அளவு மிஞ்சினால் நூல் இற்றுப்போகும்.

சமையலுக்குரிய மஞ்சள் ஒரு விதிவிலக்காகும். அது நிறமூன்றி இன்றியே பருத்தியில் ஏறும். ஆயினும் வெயிலில் விரைவில் வெளுக்கும், சவர்க்காரம் பட்டால் செந்நிறமாகும். அவுரியும் நிறமூன்றி வேண்டாத சாயமே, அதன் முறை வேறு.

"இயற்கை" என்ற சொல்லை நம்பிக் கழிவுநீரை எங்கும் ஊற்றலாகாது. செப்புச் சல்பேற்று, குரோமிய உப்புகள் ஆகியனவும் நிறமூன்றிகளே, அவை நஞ்சு. கரையோர மணல் நிலத்தில் ஊற்றிய நீர் எளிதாகக் கிணற்றைச் சேரும். வகுப்பில் படிகாரமே போதும்.

கம்பி ஆபரணத்திற்கு மென்மையான செப்புக் கம்பி ஏற்றது. சட்டத்துக்கு 0.8 மில்லிமீற்றர், சுற்றிக் கட்டுவதற்கு 0.4 மில்லிமீற்றர் தடிப்புள்ளவை போதுமானவை. வட்டமூக்குக் குறட்டினால் வளையங்கள் அமைக்கப்படும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் செம்பு வன்மையடைந்து முறியும். மங்கிய செந்நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் மென்மையாகும். பழைய மின்கம்பியைப் பயன்படுத்துவோர் அதன் பிளாத்திக்கு உறையைச் சீவியே அகற்ற வேண்டும். எரித்தால் வெளிவரும் புகை நச்சுத்தன்மையானது. உப்புக் காற்றில் செம்பு விரைவில் கறுக்கும். அதற்குப் பெரிய மருந்து தேவையில்லை, குத்துவிளக்கு மினுக்கும் புளியே போதும். காதிற் கோக்கும் கொளுக்கியை மட்டும் வெள்ளியில் அமைப்பது நல்லது. நிக்கல் கலந்த மலிவான கொளுக்கிகள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை ஏற்படுத்தும்.

பயிற்சி வினா: மாணவியொருத்தி சாயமிட்ட நூற்சிட்டத்தில் ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகள் காணப்பட்டன. காரணங்கள் இரண்டு தருக.

விடை: சிட்டத்தை இறுகக் கட்டியமையால் கட்டின் கீழ் சாயம் புகவில்லை. சலவைச் சோடாவில் போதியளவு அவிக்காமையால் நூலில் மெழுகு எஞ்சியிருந்தது. ("சாயம் போதாது" என்று எழுதவேண்டாம், அவ்வாறாயின் நூல் முழுவதும் வெளிறியிருக்கும்.)